அப்பாவின் இன்னொரு துப்பாக்கிக் குழல்: விற்கவா, வைக்கவா?

தம்பி, நேற்று போனில் அவசரத்தில் "வித்துத் தொலைடா" என்று சொல்லிவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது, அது பித்தளை அண்டா விற்கிற கதையில்லையே என்று.

முதலில் ஒன்று. அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதே. "சூராட் காபார் லாமா, பெசி பூரோக்" என்று மைக்கில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர், இரும்பு லாரிக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிடவும் செய்யாதே. நம் மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் உதிரிப் பாகமும் ஆயுதம்தான். லைசென்ஸ் இல்லாதவன் கையில் அது இருந்தால் 7 வருஷம் வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம். வாங்குகிற அப்பாவியையும் மாட்டி வைத்த பாவம் நமக்கு எதற்கு? அப்பா காலமானதும் போலீசில் போய், செனாப்பாங்குக்கு (துப்பாக்கிக்கு) உன் பெயரில் லைசென்ஸ் எடுத்தாயே, அந்தத் தாளை எடுத்துப் பார். இந்த இரண்டாவது குழலும் அதில் இருக்கிறதா? இல்லையென்றால், விற்கிற பேச்சையே நிறுத்திவிட்டு மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் போன் போடு. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பாதே, எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களையே கேள்.

இருக்கிறது என்றால், சுற்றி வைத்திருக்கும் சாக்கிலிருந்து குழலை வெளியே எடு. குளுவாங் ஈரத்தில் சணல் சாக்கு துருவுக்குப் போட்ட மெத்தை. தோட்டா அறையில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, குழலைத் தனியாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார். ஒளி வளையம் வளையமாக, வட்டம் கோணாமல் தெரிய வேண்டும். ஒரு வளையம் நசுங்கித் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் அடி வாங்கியிருக்கிறது. அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரிந்தால் துரு தின்றிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் சுட்டுப் பார்க்கலாமே என்று நினைக்காதே.

அடுத்தது தோட்டா அறையின் நீளம். அந்தக் காலத்துக் குழல்களில் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்தவை. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70. நீளத் தோட்டா உள்ளே போய்விடும், துப்பாக்கியும் மூடிவிடும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் அடியில் முத்திரை இருக்கும். புரியவில்லையென்றால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் பார்க்கட்டும்.

எல்லாம் நன்றாக இருந்தாலும் உனக்கு அது தேவையா? கனத்த நீளக் குழல் ஒரே இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பவனுக்கு நல்லது. கை ஆடாது, தோளில் உதையும் குறையும். நீயோ கன்றுச் செம்பனையைக் கிளறுகிற காட்டுப்பன்றியைத் தேடி வரிசை வரிசையாக நடக்கிறவன். மட்டை இடிக்கும், முட்டி வலிக்கும். போன வருஷம் முழுக்க எத்தனை தடவை அதை மாட்டினாய்? ஒரு தடவைகூட இல்லையென்றால் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் பெரிய விலையை எதிர்பார்க்காதே. ஒரு துப்பாக்கிக்குப் பொருத்திய குழல் இன்னொன்றில் சும்மா உட்காராது, ராவிச் சரிசெய்ய வேண்டும். அதனால் வாங்க ஆள் குறைவு. பெரிய பெரிய குழல்களின் கதியே என்ன ஆனது பார்: நம் ஜொகூரின் அந்தக் காலத்துச் சுல்தான் இப்ராகிம் 1935-இல் பிரிட்டிஷ் ராஜாவுக்கு 5 லட்சம் பவுன் கொடுத்தார். அதில் ஒரு பகுதி சிங்கப்பூர் சாங்கியில் 15 அங்குலப் பீரங்கிகளாக நின்றது, பெயரே ஜொகூர் பேட்டரி. 1942-இல் வெள்ளைக்காரனே அவற்றை உடைத்துவிட்டுச் சரணடைந்தான். போர் முடிந்ததும் அவை பழைய இரும்பாகப் போயின. நம் குழலுக்கு என்ன பெரிய மவுசு!

விற்பது என்று முடிவானால் லைசென்ஸ் உள்ள கடைக்காரருக்கு, போலீஸ் அனுமதியோடு மட்டும். உன் தாளிலிருந்து அது நீங்கியதற்கு எழுத்தில் வாங்கி வை. வைத்துக்கொள்வதானால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, துப்பாக்கிப் பெட்டியில் பூட்டு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். குழலை நீ பிடி, டார்ச் நான் அடிக்கிறேன்.