வீட்டுப் பயன்பாட்டிற்கான ஆக்சிஜன் செறிவூட்டி: வாங்குமுன் அறிய வேண்டியவை

நாட்பட்ட நுரையீரல் நோயுடன் வீடு திரும்புவோர் சிலருக்கு மருந்துகளோடு ஆக்சிஜனும் பரிந்துரைக்கப்படுகிறது. அப்போது குடும்பத்தினர் முதலில் கேட்பது, "ஐந்து லிட்டர் கருவியா, பத்து லிட்டர் கருவியா?" என்பதே. இதற்கு விடை காண, நோயாளியின் தேவையை முதலில் அளந்தறிய வேண்டும்.

யாருக்குத் தேவை?

மூச்சுத்திணறல் உள்ள அனைவருக்கும் ஆக்சிஜன் தேவைப்படுவதில்லை. ரத்தசோகை, இதயநோய், மனப்பதற்றம் ஆகியவற்றாலும் மூச்சுத்திணறல் தோன்றும். உடல்நிலை சீராக உள்ள காலத்தில், ஓய்வு நிலையில், ரத்த ஆக்சிஜன் செறிவு 88 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ இருப்பின் நீண்டகால ஆக்சிஜன் சிகிச்சை பரிந்துரைக்கப்படும். தமனி ரத்தப் பரிசோதனை இதனை உறுதி செய்யும். இச்சிகிச்சையை நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் மேற்கொள்ள வேண்டும்.

கடும் நோயிலிருந்து மீண்டு வருவோரில் சிலருக்குச் சில வாரங்களில் இத்தேவை நீங்கிவிடுவதும் உண்டு. அத்தகையோர் கருவியை முதலில் வாடகைக்குப் பெற்று, மறுபரிசோதனைக்குப் பின் வாங்குவதே நன்று.

கருவி இயங்கும் முறை

நாம் சுவாசிக்கும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜனும் 78 விழுக்காடு நைட்ரஜனும் உள்ளன. செறிவூட்டி அறைக்காற்றை அழுத்தி, சியோலைட் என்னும் துகள்களின் ஊடே செலுத்துகிறது. அத்துகள்கள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, ஏறத்தாழ 90 விழுக்காட்டிற்கு மேற்பட்ட ஆக்சிஜன் வெளிவருகிறது.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. தூய்மை: மலிவான சில கருவிகள் 1 லிட்டர் ஓட்டத்தில் 90 விழுக்காடு தருகின்றன, ஓட்டத்தை உயர்த்தினால் தூய்மை வெகுவாகச் சரிகிறது. ஆகவே, "முழு ஓட்டத்திலும் தூய்மை எவ்வளவு?" என்று கேட்டறிக. தூய்மை குறைந்தால் ஒலியெழுப்பும் எச்சரிக்கை வசதி இன்றியமையாதது.

2. ஓட்டம்: நிமிடத்திற்கு 1 முதல் 3 லிட்டர் தேவைப்படுவோருக்கு 5 லிட்டர் கருவி போதுமானது. அதிக ஓட்டம் தேவைப்படுவோருக்கே 10 லிட்டர் கருவி. அதற்கு மின்செலவும் எடையும் கூடுதல்.

3. கையடக்கக் கருவி: இவற்றில் பல, மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டுமே ஆக்சிஜன் தருபவை. அவற்றில் காணும் "2" என்ற எண், நிமிடத்திற்கு 2 லிட்டர் என்று பொருள்படாது. நோயாளியை அக்கருவியுடன் நடக்கச் செய்து, ஆக்சிஜன் அளவைப் பார்த்த பின்னரே வாங்குக.

4. பழைய கருவி: 2021ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கப்பட்ட கருவிகள் பல வீடுகளில் பயனின்றிக் கிடக்கின்றன. நெடுநாள் இயங்காத கருவியில் ஈரம் புகுந்து சியோலைட் செயலிழக்கக்கூடும். காற்று வருவதை மட்டும் கண்டு நம்பாமல், அளவி கொண்டு தூய்மையைச் சோதித்தறிக.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

மின்சாரம் நின்றால் கருவியும் நின்றுவிடும். மாற்று ஏற்பாடாக நிரப்பிய சிலிண்டர் ஒன்று இருக்கட்டும். 1,500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர், நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் ஸ்டெபிலைசர் தேவை.

கருவியைச் சுவரை ஒட்டி வைக்கலாகாது. காற்று வடிகட்டியை வாரந்தோறும் கழுவி நன்கு உலர்த்திப் பொருத்துக. ஈரப்பதக் குடுவையில் காய்ச்சி வடித்த நீரை நாள்தோறும் மாற்றுக. அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுவத்தி ஆகியவை குறைந்தது மூன்று மீட்டர் தொலைவில் இருத்தல் வேண்டும். அவ்வீட்டில் எவரும் புகைபிடித்தல் கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை

மூச்சு வாங்குகிறதே என்று ஓட்டத்தைத் தாமாக உயர்த்த வேண்டாம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் பலருக்கு 88 முதல் 92 விழுக்காடே உரிய இலக்கு. அளவுக்கு மீறிய ஆக்சிஜனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, மயக்கநிலை வரை செல்லக்கூடும். காலையில் தலைவலி, பகலில் மிகு தூக்கம், குழப்பமான பேச்சு ஆகியவை இதன் அறிகுறிகள். இவை தோன்றினாலோ, பரிந்துரைத்த ஓட்டத்திலும் ஆக்சிஜன் 88க்குக் கீழேயே நின்றாலோ, தாமதியாது மருத்துவமனைக்கு வருக.

நாள்தோறும் எடுக்கும் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் கொண்டு வருக. அடுத்த ஓட்ட அளவை முடிவு செய்ய அக்குறிப்புகள் பெரிதும் உதவும்.