விசா அதிகாரி நமது கணக்கில் எதைத் தேடுகிறார்?

இரத்தினக்கல் வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு பாங்கொக்கும் ஹொங்கொங்கும் வீட்டு முற்றம் மாதிரி. இப்போது பலருக்கு ஐரோப்பாப் பக்கம் கண் திரும்பியிருக்கிறது. பெப்ரவரியில் மியூனிக் நகரில் இன்ஹோர்கென்டா கண்காட்சி நடக்கிறது. ஜெனீவாவிலும் கற்களுக்கென்றே தனிக் கண்காட்சி வைக்கிறார்கள். ஜெர்மனியின் இடார்-ஒபர்ஸ்டைன், கல் வெட்டுவதற்கென்றே பேர்போன ஊர். வாங்குபவனை நேரில் கண்டால் இடையில் போகும் இலாபம் நம் கைக்கு வரும் என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் இந்தப் பயணம் பலருக்கு விசாவோடு நின்றுவிடுகிறது. நான் கண்டவரை, காசில்லாமல் நின்றவர்களைவிட காசை வைத்துக்கொண்டு நின்றவர்களே அதிகம்.

முதலில் விசாவைப் பற்றி. ஐரோப்பாவில் 29 நாடுகள் ஷெங்கன் என்ற ஒரே ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் இதில் அடங்கும், இங்கிலாந்து அடங்காது. ஒரு நாடு தரும் குறுகிய கால விசாவில் பொதுவாக மற்ற நாடுகளுக்கும் போகலாம். எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. இது வியாபாரச் சந்திப்புக்கும் கண்காட்சி பார்ப்பதற்குமான விசா, அங்கே வேலை செய்வதற்கானதல்ல. எந்த நாட்டில் பிரதான அலுவலோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மியூனிக்கில் ஐந்து நாள், ஜெனீவாவில் இரண்டு நாள் என்றால் ஜெர்மனி. "அந்தத் தூதுவராலயத்தில் லேசாகக் கிடைக்குமாம்" என்று கேள்விப்பட்டு வேறு வாசலில் போய் நிற்பது வீண் வேலை.

இனி காசு விஷயத்துக்கு வருவோம். நமது தொழில் வாய்வார்த்தையில் ஓடுகிறது. பத்து இலட்சம் பெறுமதியான கல்லைக் கடதாசியில் மடித்துத் தரகர் கையில் கொடுக்கிறோம், ஒரு துண்டு எழுதிக்கொள்வதில்லை. மாலையில் காசாக வருகிறது, மறுநாள் வேறு கல்லாக மாறுகிறது. வங்கிக்கு அது போவதே இல்லை. சீனன்கோட்டையில் எல்லோருக்கும் இன்னார் யார் என்று தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்?

பேருவளைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, மூன்று தலைமுறையாகக் கல் வியாபாரம். ஜெர்மனியிலிருந்து கொள்வனவாளர் அழைப்புக் கடிதமும் அனுப்பியிருந்தார். விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்னர் சேமிப்புக் கணக்கில் 40 இலட்சம் ரூபாவை ஒரே தடவையில் போட்டார். அதற்கு முந்திய மாதங்களில் அந்தக் கணக்கில் ஓடியது மின்சாரப் பட்டியல் கட்டும் அளவு தொகைதான். விசா மறுக்கப்பட்டது. பயண நோக்கத்துக்குக் கொடுத்த தகவல் நம்பத்தக்கதல்ல, திரும்பிப் போவார் என்பதில் நியாயமான சந்தேகம் உண்டு என்று இரண்டு கட்டங்களில் அடையாளமிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"நானா, அது என் காசுதானே. கடன் வாங்கிப் போடல்லையே!" என்று கொதித்தார்.

நான் கேட்டேன்: "தம்பி, முன்பின் தெரியாத ஒருவர் உங்களிடம் கடனுக்குக் கல் கேட்டு வந்து, நேற்றுப் போட்ட காசுக்கு வங்கிச் சீட்டைக் காட்டினால் கொடுப்பீர்களா? அவர் கடை எங்கே, எத்தனை வருஷமாக யாரோடு கொடுக்கல் வாங்கல் என்றுதானே விசாரிப்பீர்கள்?" அதிகாரியும் அதைத்தான் விசாரிக்கிறார், ஆனால் பத்திரத்தை வைத்து. காசு எவ்வளவு என்பதோடு, அது எங்கிருந்து வந்தது, இவரை ஊருக்குத் திரும்ப இழுக்கும் தொழில் உண்மையில் இருக்கிறதா என்றும் பார்க்கிறார். திடீரென்று முளைத்த 40 இலட்சத்தைவிட, மாதாமாதம் வந்துபோகும் நான்கு இலட்சம் அவருக்குக் கூடுதலாகப் பேசும்.

தம்பி ஒரு வருஷம் பொறுத்தார். விற்பனையை வியாபாரப் பெயரில் உள்ள நடைமுறைக் கணக்கு வழியாகச் செய்தார். சிறிய கல்லுக்கும் பற்றுச்சீட்டு எழுதினார். வருமான வரிக் கோவையை ஒழுங்காக்கினார். அதே ஜெர்மன் கொள்வனவாளருக்கு இரண்டு தடவை முறையாக ஏற்றுமதி செய்து, காசை வங்கி மூலம் பெற்றார். இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது அந்தப் பட்டியல்களே அழைப்புக் கடிதத்தைவிடப் பெரிய சாட்சியாக நின்றன. கணக்கில் இருந்த ஒரேயொரு பெரிய வரவுக்கு, எந்தக் கல் விற்ற காசு என்று ஒரு பக்க விளக்கக் கடிதமும் இணைத்தார். பத்து நாள் விசா கிடைத்தது. "பத்து நாள்தானா?" என்றார். முதல் தடவை கடன் கொடுக்கும்போது நாமும் சின்னக் கல்லைத்தானே கொடுக்கிறோம்! அவர்களது சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குள் மூன்று விசா பெற்று முறையாகப் பாவித்தவருக்கு ஒரு வருஷத்துக்குப் பலமுறை நுழையும் விசா கொடுக்க வழியிருக்கிறது.

நமது சமூகத்துக்கே உரிய இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வாப்பா மௌத்தாகிப் பல வருஷம் கழிந்தும் வியாபாரப் பதிவு அவர் பெயரிலேயே கிடக்கும். நானா தம்பிமார் நால்வர் சேர்ந்து நடத்துவார்கள், பங்குடமை உடன்படிக்கை ஒன்றும் இராது. வெளிநாட்டு அதிகாரியின் கண்ணில் இவர்கள் நால்வரும் தொழில் இல்லாதவர்கள்! பெயரும் அப்படித்தான். முஹம்மத் என்பது பாஸ்போர்ட்டில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்றிலும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவதிலும் இருக்கும். இதைத் திருத்த மாதங்கள் எடுக்கும். பயணம் தீர்மானித்த பிறகு தொடங்கினால் கண்காட்சி முடிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் ஏஜென்ட்மார் வருகிறார்கள். கணக்கில் காட்டக் காசு தருவதாகவும், ஹோட்டல் பதிவு, அழைப்புக் கடிதம் எல்லாம் "செய்து" தருவதாகவும் சொல்வார்கள். தயவுசெய்து கிட்ட அண்டவேண்டாம். விண்ணப்பம், கைரேகை, மறுப்பு யாவும் ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினிப் பதிவில் ஐந்து வருஷம் வரை இருக்கும். ஒரு நாட்டில் பிடிபட்ட பொய்ப் பத்திரத்தை மற்ற நாடுகளும் பார்க்கும். விண்ணப்ப நிலையத்தில் "ஆள் இருக்கிறது" என்பதும் வெறும் கதை. அங்கே பத்திரங்களையும் கைரேகையையும் பெறுகிறார்கள், தீர்மானிப்பது தூதுவராலயம்.

மற்றவை லேசானவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குப் பிந்தக் கூடாது. சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரை இழுபடவும் இடமுண்டு. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்து வருஷத்துக்குள் எடுத்ததாக, திரும்பும் திகதிக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். கல் கொண்டு போவது வேறு அலுவல். அதற்கு தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையும் சுங்கமும் இருக்கின்றன, விசா அதற்கு அனுமதியாகாது.

மறுத்துவிட்டால் காரணத்தைக் குறித்த படிவம் தருவார்கள். அதை ஏஜென்டிடம் கொடுக்காமல் நீங்களே வாசியுங்கள். முன்பு ஜெர்மன் தூதுவராலயத்திடமே மீள்பரிசீலனை கேட்டு எழுதலாம். 2025 ஜூலை முதலாம் திகதியோடு அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அல்லது குறையைத் தீர்த்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நம் போன்றவர்களுக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியாகும்.

விசா ஒட்டிய பிறகும் பத்திரங்களைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட வேண்டாம். அங்கே விமான நிலையத்தில் எல்லை அதிகாரி அதே கேள்விகளைத் திரும்பக் கேட்கலாம். அழைப்புக் கடிதம், ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கட், காப்புறுதி ஆகியவற்றின் பிரதிகள் கைப்பையில் இருக்கட்டும். 2025 ஒக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணினியில் பதிவாகின்றன. 90 நாளையும் விசாவில் எழுதிய நாட்களையும் இனி முத்திரை பார்த்து எண்ண வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.