குரங்கு கொண்டாருமா மலேரியா?

எங்கள் வேப்பூர் பக்கம் மக்காச்சோளம் பால் பிடிக்கும்போது குரங்குத் தொல்லையும் வந்துவிடும். போன மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, குரங்குகிட்ட இருந்து மனுசனுக்கு மலேரியா வருதாமே? பழத்துல விசம் வச்சுட்டா பயிரும் தப்பும், காய்ச்சலும் வராதுல்ல?" தெரியாமல் பதில் சொல்லக் கூடாது என்று தேடிப் படித்தேன்.

குரங்கு மலேரியா உண்மைதான். கிருமியின் பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த ஒரு குரங்கின் இரத்தத்தில் முதலில் தென்பட்டது. இரத்தம் வழியே செலுத்தினால் மனிதருக்கும் தொற்றும் என்று 1932-இல் கல்கத்தாவில் நோலெஸ், தாஸ் குப்தா இருவரும் காட்டினார்கள். 1965-இல் மலேசியக் காட்டுக்குப் போய்வந்த அமெரிக்கர் ஒருவருக்கு இயற்கையாகவே வந்தது. அப்போதும் அபூர்வம் என்றே நினைத்தார்கள்.

2004-இல் அந்த நினைப்பு மாறியது. மலேசியாவின் சரவாக் மாநிலம் காப்பிட் பகுதியில் பல்பீர் சிங் குழுவினர் 208 மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தார்கள். 120 பேருக்கு இருந்தது குரங்கு மலேரியா! நுண்ணோக்கியில் பார்த்தால் இது மலேரியே என்ற சாதுவான வகையைப் போலவே தெரியும். ஆனால் அது பெருக 72 மணி நேரம் ஆகும். இது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம், நுரையீரல் வரை பாதிக்கும்.

குரங்கு கடித்தோ, அது தின்ற பழத்தாலோ இது வராது. குரங்கைக் கடித்த அனோபிலிஸ் கொசு நம்மையும் கடித்தால்தான் வரும். அந்தக் கொசு காட்டோரத்தில், பொழுது சாயும் நேரத்தில், வெளியிலேயே கடிக்கும். காட்டை அழித்துச் செம்பனை நட்ட இடங்களில் குரங்கு, கொசு, கூலியாள் மூன்றும் ஒரே இடத்தில் கூடின. 2018 முதல் மலேசியாவில் உள்ளூரில் பரவும் மனித மலேரியா இல்லை. குரங்கு மலேரியா மட்டும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது.

சரி, நம்மூர்ல? நோலெசியைச் சுமப்பது பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவின் நீள்வால் குரங்கு. இந்தியாவில் அது நிக்கோபாரில்தான் உண்டு. நம் வயலுக்கு வரும் நாட்டுக்குரங்கு வேறு இனம். 1960-களில் நீலகிரியில் அதனிடமும் மலேரியாக் கிருமிகளைக் கண்டார்கள். அவை நோலெசி அல்ல. நம்மூர் மலேரியா மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியே போவது. ஆகவே குரங்கைக் கொன்று மலேரியாவைத் தடுக்க முடியாது. விசம் வைத்தால் நாயும் கீரியும் மயிலும்தான் சேர்ந்து சாகும்.

நாம் செய்ய வேண்டியது வேறு. மலேசியத் தோட்ட வேலை, காட்டு வேலை முடிந்து ஊர் திரும்பிய பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எங்கே வேலை பார்த்தார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாமெல்லாம் நிலவேம்புக் கசாயம் குடிக்கிறவங்கதான். ஆனா அதைக் குடிச்சிட்டு மூணு நாள் காத்திருக்க இது நேரம் தராது. மலேரியா மாத்திரையில் குணமாகிற நோய் இது.

ஓடையோரத்து அத்தியையும் நாவலையும் வெட்டிவிட்டு, குரங்கு ஏன் வயலுக்கு வருதுன்னு கேட்கிறோம். அந்த மரங்களைத் திரும்ப நடுவோம். அதுவரை காவல்தான் வழி.