எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது

வேலை தேடிக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு,

இரண்டு காதிலும் மெஷின் மாட்டிக்கொண்டு தனியார் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது, “ஐயா, குறை இருக்கறத முன்னாடியே சொல்லிடலாமா?” என்பதுதான். என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

1. அரசு வேலையா, தனியார் வேலையா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அரசு வேலையில் இட ஒதுக்கீடு வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 4 சதவீத இடம் ஒதுக்குகிறது. பார்வைக்கு 1, செவிக்கு 1, கை கால் இயக்கத்துக்கு 1. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். கூச்சப்பட்டு அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டுவிட்டு, ரிசல்ட் வந்த பிறகு அலையாதீர்கள்.

2. 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஒன்றுமே கிடைக்காது என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்லச் சொல்ல எழுத ஆள் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் சொன்னது இதுதான்: அந்த அளவுகோல் ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு மட்டுமே; தேவையான வசதியைக் கேட்கும் உரிமை குறைபாடு உள்ள எல்லோருக்கும் உண்டு.

3. தனியார் வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் குறையை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஆள் எடுக்கிறார்கள் என்றால் எழுதுங்கள். மற்றபடி படிப்பும் செய்த வேலையும் போதும்.

4. எப்போது சொல்வது என்பதற்கு நான் பார்க்கும் கணக்கு ஒன்றே: உங்களுக்கு ஒரு வசதி எப்போது தேவையோ, அதற்குச் சற்று முன்பு. இன்டர்வியூவிலேயே தேவை என்றால் தேதி சொல்லி மெயில் வந்த அன்றே பதில் போடுங்கள். வீல்சேரில் வருபவர் லிஃப்ட் உண்டா என்று கேட்காமல் போய், இரண்டாவது மாடியில் நடக்கும் இன்டர்வியூவுக்குக் கீழே காத்திருப்பது யாருக்கும் நல்லதில்லை. கம்ப்யூட்டரில் டெஸ்ட் என்றால் ஸ்கிரீன் ரீடர் வேலை செய்யுமா என்று முன்பே கேளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகுதான் தேவை என்றால் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பின், சேரும் நாளுக்கு முன் சொல்லலாம். எந்த வசதியும் தேவைப்படாதவர் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். யாரும் வற்புறுத்த முடியாது.

5. சொல்லும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள். நான் சொல்வது இப்படித்தான் இருக்கும்: “எனக்குக் காது கேட்பது குறைவு. மெஷின் போட்டிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால் முழுதும் புரியும். போனில் பேசுவதை விட மெயில் எனக்கு வசதி.” அவ்வளவுதான். எந்த வயதில் காய்ச்சல் வந்தது, எந்த டாக்டர் கைவிட்டார் என்ற கதையெல்லாம் அங்கே வேண்டாம். அது இரக்கத்தைக் கொண்டுவரும், வேலையைக் கொண்டுவராது. பேசி முடித்ததை அன்றே மெயிலிலும் போட்டு வையுங்கள். நாளை மேனேஜர் மாறினாலும் எழுத்து இருக்கும்.

6. சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. கையெழுத்துப் போடும் படிவத்தில் குறை உண்டா என்று நேராகக் கேட்டிருந்தால் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். பின்னால் அதையே காரணமாக்கி வெளியே அனுப்பலாம். வலிப்பு வருபவர் வண்டி ஓட்டும் வேலைக்கோ, மெஷின் பக்கத்தில் நிற்கும் வேலைக்கோ, உயரத்தில் ஏறும் வேலைக்கோ போனால் சொல்லாமல் இருக்கவே கூடாது. அங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, உங்களுடையது மட்டுமல்ல.

7. மனநலச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளிடம் நான் அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்வேன். சட்டம் மனநோயையும் தன் 21 குறைபாடுகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் ஆபீஸில் பேச்சு பரவும் வேகம் சட்டத்துக்குக் கட்டுப்படாது. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடுவது ஒவ்வொரு நிறுவனத்தின் கடமை. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம் என்றால் இதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரும் இருக்க வேண்டும். அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அப்படி ஒன்றை எழுதாமலே இருந்தால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல். சொல்வதென்று முடிவு செய்தால் அந்த அலுவலரிடமோ எச்.ஆரில் ஒருவரிடமோ மட்டும் சொல்லி, வேறு யாருக்கும் போகக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

8. பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. “வெளிய தெரிஞ்சா கல்யாணம் நடக்காது” என்று பயந்து, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே வாங்க விடாத வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அட்டை வாங்கினால் ஊருக்குத் தண்டோரா போட்டதாகாது. அதை யாரிடம் காட்டுவது என்பது பிள்ளையின் கையில் இருக்கும். சான்றிதழும் அப்படித்தான். வேலை அறிவிப்பு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் கடைசித் தேதிக்குள் அது வருவது நிச்சயமில்லை. படிக்கும் காலத்திலேயே இரண்டையும் வாங்கிவிடுங்கள்.