பனி தடுத்த வழியும் மணல் தடுத்த வழியும்

அட்லாண்டிக் கடலிலிருந்து வட அமெரிக்காவின் வடக்கே பசிபிக் கடலுக்குச் செல்ல மாலுமிகள் பல நூற்றாண்டுகள் வழி தேடினர். பனிக்கட்டி தடுத்தது. 1903-இல் புறப்பட்ட நார்வே நாட்டு அமுண்ட்சென்தான் 1906-இல் அவ்வழியை முதன்முதலில் கப்பலில் கடந்து முடித்தார்.

நம் தூத்துக்குடிக் கடலிலும் இத்தகைய தேடல் உண்டு. இங்கே தடை மணல். மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் பிரிக்கும் மணல்திட்டுகளின்மேல் பல இடங்களில் 3 மீட்டர் ஆழம்கூட இல்லை. எனவே தூத்துக்குடியிலிருந்து சென்னை செல்லும் பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றுகிறது. கால்வாய் வெட்டலாம் என்று 1860-இல் டெய்லர் என்பவர் யோசனை கூறினார். 2005-இல் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கியது; ஆனால் நிறைவேறவில்லை.

வெட்டினால் மட்டும் போதுமா? தாமிரபரணியைப் பாருங்கள். கடலைச் சேருமிடத்தில் ஆற்றின் வேகம் குறைகிறது; சுமந்து வந்த வண்டல் படிகிறது. பாண்டியரின் துறைமுகமான கொற்கை இவ்வாறே கடலைவிட்டு உள்ளே தள்ளிப்போயிற்று. கால்வாயிலும் இதே விதிதான். ஆழம் கூடும் இடத்தில், குறுக்கே பாயும் நீரோட்டத்தின் வேகம் குறையும், மணல் படியும். ஆகவே வெட்டிய பின்னும் ஓயாமல் தூர்வார வேண்டும். அந்தச் செலவையும், அருகிலுள்ள பவளப்பாறைகளுக்கு நேரக்கூடிய கேட்டையும், மிச்சமாகும் பயண நேரத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

அடுத்த முறை ஆற்றில் குளிக்கும்போது, மணல் எங்கே குவிந்திருக்கிறது, அங்கே நீரின் வேகம் எப்படி என்று கவனியுங்கள்.