வயல் மருந்தும் வரிக்குதிரை மீனும்

பூச்சி மருந்து அடித்த பின், தெளிப்பானைக் குளத்திலேயே கழுவிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மீன்கள் செத்து மிதக்கக் காணோமாகையால் தண்ணீருக்குத் தீங்கில்லை என்று எண்ணிவிடுகிறோம். அது எவ்வளவு தூரம் சரி என்பதை ஒரு சிறு மீனின் முட்டையைக் கொண்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்துள்ளனர்.

அதன் பெயர் வரிக்குதிரை மீன். நீளம் ஒன்றரை அங்குலம். உடல் நெடுக நீல வரிகள். கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் நெல் வயல்களிலும் வாழ்வது. 1822-இல் ஹாமில்டன் என்பார் கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் இதனை விவரித்தார். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக் கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதனை ஆராய்ச்சிக்கு உரியதாக்கினார். அவருடைய புகழ் பெற்ற கட்டுரை 1981-இல் வெளிவந்தது. நம் வயல் மீன் கடல் கடந்து சென்று பாடம் புகட்டுகிறது!

இதன் சிறப்பு முட்டையில் இருக்கிறது. கரு தாயின் வயிற்றுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடி போல் தெளிவாகவும் இருக்கிறது. ஆகவே உறுப்புக்கள் உருவாவதை மைக்ராஸ்கோப்பின் வாயிலாக நேரில் காணலாம். ஏறக்குறைய ஒரு நாளில் இருதயம் துடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாட்களில் குஞ்சு வெளிவரும்.

பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி ஸ்தாபனம் 2013-இல் இதற்கெனப் பரிசோதனை முறை ஒன்றை வகுத்தது. மருந்தை 5 வேறு அளவுகளில் நீரில் கலந்து, ஒவ்வொன்றிலும் 20 முட்டைகளை இடுகின்றனர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்து கலவாத நீரிலும் முட்டைகளை வைக்கின்றனர். 96 மணி நேரம் வரை நாள்தோறும் கவனிக்கின்றனர். முட்டை வெளுத்து உறைந்துவிட்டதா? முதுகோரத் தசைக் கட்டுக்கள் தோன்றவில்லையா? வால் மஞ்சட் கருவினின்று பிரியவில்லையா? இருதயத் துடிப்பு இல்லையா? இவற்றுள் ஒன்று காணினும் கரு மாண்டதாகக் கணக்கு.

ஆனால் சாகாததெல்லாம் நலமாயிருக்கிறது என்று பொருளல்ல. குளோர்பைரிபாஸ் என்னும் மருந்து பூச்சியின் நரம்பைத் தாக்குவது. அது தாக்கும் நொதி மீனுக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. ட்யூக் பல்கலைக் கழகத்தார் கருப் பருவம் முதல் 5 நாட்கள் மட்டுமே அம்மருந்து கலந்த நீரில் மீன்களை வைத்துப் பின்னர் நல்ல நீரில் வளர்த்தனர். சிறிதளவே மருந்து பட்டவையும், வளர்ந்து பெரிதான பின் இடமறிந்து செல்வதில் தவறின. இம்முடிவு 2003-இல் வெளியாயிற்று.

மீனுக்கு நேர்வது மனிதக் குழந்தைக்கும் அப்படியே நேரும் என்று சொல்லிவிட முடியாது. உடலும் வேறு, உட்கொள்ளும் அளவும் வேறு. ஆயினும் மனிதனின் மரபணுக்களில் சுமார் 70 சதவிகிதத்திற்கு இம்மீனில் இணை உண்டு.

தெளிப்பானைக் கழுவிய நீரை, மருந்தடித்த பயிரின் மீதே தெளித்துவிடலாம். குளக்கரையும் கிணற்றடியும் அதற்கு வேண்டா.