பதிவும் படிவமும்

மாணவர்களே! செய்திகளைத் திரட்டுதல் ஒரு கலை; திரட்டியவற்றைப் பிழையின்றிப் பேணுதல் மற்றொரு கலை; வேண்டியபொழுது வேண்டிய வடிவில் எடுத்துக்காட்டுதல் மூன்றாவது கலை. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி நூலகமோ, பண்டகசாலையோ, ஊராட்சி மன்றமோ செம்மையாக நடைபெறாது.

நூல்களைத் தொகுத்துக் காத்த பெருமை மதுரை மாநகருக்கு உண்டு. 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் இந்நகரில் நிறுவிய தமிழ்ச் சங்கம் ஏட்டுச் சுவடிகளையும் அச்சு நூல்களையும் தேடித் திரட்டியது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி உலகத்தார்க்கு இலவசமாக வழங்கும் முயற்சி ஒன்று 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்றது. அதுவும் ‘மதுரைத் திட்டம்’ என்றே பெயர் பூண்டது. நூல்கள் பெருகப் பெருக, அவற்றின் பட்டியலும் பெருகும். பட்டியல் பிழைபட்டால் விளையும் கேட்டை யான் என் வாழ்விலேயே கண்டறிந்தேன்.

1994ஆம் ஆண்டில், மதுரைக்கு மேற்கே வைகைப் பாசனத்து ஊரொன்றின் பள்ளியில் யான் தமிழாசிரியனாக இருந்தேன். நூலகப் பொறுப்பும் என்னுடையதே. நூல்களின் பட்டியல் ஒரு பேரேட்டில் இருந்தது. இரவல் கொடுத்த கணக்கு மற்றொரு குறிப்பேட்டில் இருந்தது. திரும்பி வாராத நூல்களின் பட்டியல் தனித்தாளில் இருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் படியெடுப்பதே வழக்கம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அகராதி ஒன்றைத் திருப்பித் தரவில்லை என்று அத்தாள் கூறிற்று. “தந்துவிட்டேன் ஐயா” என்று அவன் பன்முறை சொன்னான். யான் தாளை நம்பினேன், சிறுவனை நம்பவில்லை. வகுப்பில் பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். வயலில் நாற்று நட்டுக் கூலி பெறும் அவன் அன்னையார் நூலின் விலையைக் கொணர்ந்து செலுத்தினார்.

கோடை விடுமுறையில் நூலடுக்கைத் துடைத்தபொழுது அவ்வகராதி அங்கேயே இருக்கக் கண்டேன். திடுக்கிட்டு இரவல் ஏட்டைப் புரட்டினேன். நூல் திரும்பிய நாள் என் கையெழுத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது! தாளைப் படியெடுத்த பின்னர் நூல் வந்துள்ளது. ஏட்டில் குறித்த யான் தாளைத் திருத்த மறந்துவிட்டேன். பணத்தை அன்றே அவர்கள் இல்லத்திற்குக் கொண்டுசென்று கொடுத்தேன். பள்ளி திறந்ததும் வகுப்பின் முன் என் பிழையையும் ஒப்புக்கொண்டேன். ஆயினும், சொன்ன சுடுசொல்லை மீட்டுக்கொள்ள இயலுமோ?

ஒரே செய்தியைப் பல இடங்களில் எழுதிவைத்ததே இத்தீங்கிற்குக் காரணம். ஓரிடத்தில் திருத்தி, மற்றோரிடத்தில் திருத்தாது விட்டால், இரண்டில் ஒன்று பொய்யாகிவிடுகிறது. இக்குறையைக் களையவல்லது தரவுத்தளம் என்னும் கணினி முறை. செய்திகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் நெறியை 1970ஆம் ஆண்டில் இ. எஃப். காட் என்னும் அறிஞர் வகுத்துரைத்தார். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஒரு பதிவு. நூலெண், நூற்பெயர், ஆசிரியர், அடுக்கு என்னும் ஒவ்வொரு பகுதியும் ஒரு புலம்.

அட்டவணையை அப்படியே காண்பது எல்லார்க்கும் எளிதன்று. ஆதலின், கடிதமும் கட்டுரையும் எழுத உதவும் சொற்செயலியிலேயே அப்பதிவுகளை அழகுறக் காட்ட வழி செய்துள்ளனர். லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் ‘பேஸ்’ என்னும் பகுதியில் அட்டவணையை அமைத்துத் தரவுத்தளத்தைப் பதிவுசெய்தல் வேண்டும். பின்னர், ‘ரைட்டர்’ என்னும் சொற்செயலியில் ஓர் ஆவணத்தைத் திறந்து, படிவக் கருவிகளைக் கொண்டு அதில் உரைப்பெட்டிகளை வரைதல் வேண்டும். படிவத்தின் பண்புகளில் தரவுத்தளத்தின் பெயரையும் அட்டவணையின் பெயரையும் குறித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய புலத்தைச் சுட்டுதல் வேண்டும். நூல் திரும்பிற்றா என்பதற்கு ஒரு குறிப்பெட்டி போதும். வடிவமைப்பு முறையை நீக்கியவுடன் முதற்பதிவு பெட்டிகளில் தோன்றும். அம்புக்குறிகளை அழுத்த, அடுத்த பதிவும் முந்தைய பதிவும் முறையே வரும்.

இதனை நம் ஊர்க் கண்மாயோடு ஒப்பிடலாம். கண்மாயில் நீர் நிற்கிறது. மடை வழியே வயலுக்கு வருகிறது. மடைக்கெனத் தனி நீர் இல்லை. அவ்வாறே, பதிவுகள் தரவுத்தளத்தில் உள்ளன. படிவம் அவற்றைக் காட்டும் வாயிலே. ஆவணத்தை மட்டும் வேறொரு கணினிக்கு எடுத்துச் சென்றால், வறண்ட மடைபோல் வெற்றுப் பெட்டிகளே எஞ்சும். எனினும், ஒரு வேற்றுமை உண்டு. வயலுக்குப் பாய்ந்த நீர் கண்மாய்க்குத் திரும்புவதில்லை. படிவத்தில் செய்த திருத்தமோ தரவுத்தளத்திற்கே திரும்பிச் செல்கிறது.

இவ்விடத்தில் மிகுந்த விழிப்பு வேண்டும். ஒரு பதிவைத் திருத்திவிட்டு அடுத்த பதிவுக்குச் சென்றால், அத்திருத்தம் அப்பொழுதே தரவுத்தளத்தில் பதிந்துவிடும். ஆவணத்தைச் சேமிக்கவில்லையே என்று வாளா இருத்தல் கூடாது. ஆதலின், பார்வையிடுவோர்க்கு மட்டும் உரிய படிவத்தில், மாற்றவும் நீக்கவும் இசைவில்லை என்று பண்புகளில் முன்னரே குறித்துவைத்தல் அறிவுடைமை.

பணி ஓய்வுக்குப் பின் பள்ளியொன்றின் நூலகத்திற்கு இத்தகைய படிவம் அமைக்க யான் துணைநின்றேன். நூல் திரும்பியதும் ஒருமுறை குறித்தால் போதும். பட்டியல் எதுவாயினும் அக்குறிப்பையே காட்டும். ஆயினும், குறிக்க மறந்ததைக் கணினி தானே அறியாது. எனவே அந்நூலகத்தில் ஒரு விதி வகுத்தோம்: நூல் வரவில்லை என்று படிவம் காட்டினால், முதலில் அடுக்கைத் தேடுக, அதன்பின் மாணவனை அழைத்து, அவன் சொல்வதை முழுவதும் கேட்க. மாணவர்களே! நாளை நீவிரும் பிறருடைய பெயரும் கணக்கும் அடங்கிய பதிவுகளைக் காக்கும் பொறுப்பில் அமர்வீர்கள். ஒவ்வொரு பதிவின் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறவாதீர்கள்.